தென்னை எண் மூன்று

பாட்டுப் போட்டிக்குப் பாட்டு எவ்வளவு முக்கியம் என்று என்னைக் கேட்டால் நூற்றுக்குப் பத்து என்பேன். என் சொந்தக் கணக்கு இல்லை. அச்சடித்த தாளில் இருக்கிறது, கீழே முத்திரையும் குத்தியிருக்கிறது. மேடைக்குள் நுழைதலுக்கு முப்பது மதிப்பெண், மேடையின் நிறத்தோடு ஒத்துப்போதலுக்கு இருபத்தைந்து, வெளிச்சத்தை வாங்கிக்கொள்வதற்கு இருபது, மேடையை விட்டு இறங்குவதற்குப் பதினைந்து, பாட்டுக்குப் பத்து. அந்தத் தாள் என் கைக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். மேசைமேல் கிடந்தது, எனக்குப் படிக்கத் தெரியும்.

எங்கள் தீவுத் தலைநகரத்தில், ஷாதிபூரில் என் வீட்டுக்கும் வசந்தகுமாரி வீட்டுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்தான். அவள் மிளகாய் தாளித்தால் நான் தும்மவேண்டும். நான் தும்மினால் அவள் "தண்ணி குடிங்கக்கா" என்பாள். இப்படிப்பட்ட இடத்தில் அவளுடைய அக்கா ஜெயமணி கப்பலில் வந்து இறங்கியதும், எதற்காக வந்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியாமல் போயிருந்தால்தான் அதிசயம்.

ஜெயமணி வேலை செய்வது தெற்கே ஒரு தீவின் ரப்பர் தோட்டத்தில். கப்பலில் ஒன்றரை நாள். தீவின் பெயர் வேண்டாம், அங்கே எனக்கும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளுடைய பெற்றோரைக் கொண்டுவந்து அங்கே குடிவைத்தார்கள். அவள் அங்கேயே பிறந்து அங்கேயே மரத்தில் பால் வெட்டக் கற்றுக்கொண்டாள். பதினாறு வருடமாகத் தினக்கூலி. இப்போது தோட்டத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாகியிருக்கிறது. அதற்கு ஏழு பேர். ஏழு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே படிப்பு, ஒரே வயது என்று சொல்லிவிடலாம். ஆகவே தோட்டத்து ஆபீஸ் ஒரு வழி கண்டுபிடித்தது: 'கலைத் தகுதி' என்று ஐந்து மதிப்பெண். தொலைக்காட்சியில் பாடியவர், ஆடியவர் என்று சான்றிதழ் காட்டினால் ஐந்தும் கிடைக்கும். ஏழு பேரில் தொண்டை இருந்தது ஜெயமணிக்குத்தான். அந்த ஐந்து மதிப்பெண் வந்தால் நிரந்தரம். வராவிட்டால் பதினேழாவது வருடமும் தினக்கூலி.

அந்த நேரம் பார்த்துத்தான் தீவக இசை மேம்பாட்டுப் பேரவை கேபிள் தொலைக்காட்சியோடு சேர்ந்து 'தீவுக்கொரு குரல்' போட்டியை அறிவித்தது. ஜெயமணி செல்போனில் பாடி அனுப்பினாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தியாகத் தேர்வும் ஆனாள். பயண நாள் போக லீவு பன்னிரண்டு நாள். பன்னிரண்டாம் நாள் மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் கப்பல். அதைத் தவறவிட்டால் அடுத்த கப்பல் ஒன்பது நாள் கழித்து. அதற்குள் சர்வீஸில் இடைவெளி விழுந்துவிடும், பதினாறு வருடம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

வசந்தகுமாரி பள்ளிக்கூடச் சமையலில் இருக்கிறாள், அவளுக்கு லீவு கிடைக்காது. புது இடத்துக்கு ஒரு பெண்ணைத் தனியாக அனுப்புவது அழகில்லை. ஆகவே, வேறு வழியில்லாமல், கூப்பிடுவதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன்.

பேரவையின் அரங்கு மரைன் ஹில்லில் இருக்கிறது. வரிசையாக ஏழு ஜன்னல். ஏழிலும் கடல். வாசலில் ஒரு பெண் விண்ணப்பம் வாங்கிக்கொண்டிருந்தாள். உயரம், எடை, நிறம், புடவையின் நிறம், மாற்றுப் புடவையின் நிறம், இதற்கு முன் மேடையில் வழுக்கி விழுந்த அனுபவம் உண்டா, உண்டு எனில் எந்தப் பக்கமாக என்று நான்கு பக்கம். ஜெயமணி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டுத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, பாட்ட எங்க எழுதுறது?"

"பாட்டா?" அந்தப் பெண் தாளை வாங்கித் தானும் திருப்பிப் பார்த்தாள். "'இதர விவரங்கள்'ல போட்டுருங்க தீதி. ரெண்டு வரிக்கு மேல போகாம பாத்துக்குங்க."

பதினொரு மணிக்குத் தலைவர் ஆவுடையப்பன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே உத்தியோகமாக வந்தவர். பிறகு எப்படியோ பேரவைக்குத் தலைவராகி, திரும்பிப் போக மறந்துவிட்டார். அவர் பேசினால் நடுவில் தண்ணீர் குடிக்கமாட்டார் என்பது ஷாதிபூர் முழுக்கத் தெரியும்.

"பெருமக்களே, பாட்டு என்பது காதுக்கு. காதுக்கு இமை கிடையாது. ஆகவே பாட்டு எப்படியும் உள்ளே போய்விடும்; அதற்காக நாம் உழைக்கத் தேவையில்லை. கண்ணுக்கு இமை உண்டு. அது மூடிக்கொள்ளும். மூடாமல் காப்பது மேடை. இந்தப் பேரவை பதினோரு மாதம் ஆய்வு செய்தது. உலகத்தில் இதுவரை நடந்த தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் மேடையில்லாமல் வென்றவர் ஒருவர்கூட இல்லை. சரியாகப் பாடாமல் வென்றவர்கள் ஏராளம். இதிலிருந்து என்ன தெரிகிறது?"

ஜெயமணி மட்டும் கையைத் தூக்கினாள்.

"ஐயா, பாட்டு என்னிக்குங்க?"

"கடைசி நாள், அம்மா," என்றார் அவர் அன்பாக. "நேரம் மிஞ்சினால்."

அடுத்து நந்தகுமார் எழுந்தார். சென்னையிலிருந்து வந்த மேடை வடிவமைப்பாளர். அந்தப் புழுக்கத்திலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருந்தார். மேடையின் கருப்பொருள் கடல் என்று அறிவித்தார். நாற்பது மீட்டர் நீலப் பட்டுத்துணியில் ஒரு கடல், அதை அலையடிக்க வைக்க ஒரு மோட்டார், ஃபைபரில் ஆறு தென்னை மரம், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சிப்பி. எல்லாம் சென்னையில் செய்து கப்பலில் வந்துகொண்டிருக்கிறது.

"கடலுங்களா?" ஜெயமணி ஜன்னலைக் காட்டினாள். "அதான் வெளிய கெடக்குதே."

நந்தகுமார் ஜன்னலருகே போய்ப் பார்த்தார். முகம் சுளித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"அது ஆகாதும்மா. ஒரு கலர்ல நிக்கமாட்டேங்குது. காலைல பச்சையா இருந்துச்சு, இப்ப நீலம். மழை வந்தா சாம்பலாயிடும்னு சொல்றாங்க. எந்தக் கேமராமேன் இத வெச்சு வேல செய்வான்?"

அன்று மாலைக்குள் ஏழு ஜன்னலுக்கும் கறுப்புத் துணி அடித்தார்கள். பார்ப்பவர்கள் குழம்பிவிடக் கூடாதாம். பன்னிரண்டு பாடகர்களும் உள்ளே வியர்வையில் நனைந்தார்கள். வியர்வை வெளிச்சத்தை வாங்கிக்கொள்ள உதவும் என்பதால் மின்விசிறி கேட்டவர்களுக்கு மறுப்புக் கடிதம் போனது.

நான்காம் நாள் காலையில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'கடல் சீற்றம் காரணமாகக் கடல் வந்து சேரவில்லை.' கப்பல் சென்னையிலிருந்து புறப்படவே இல்லை. வழியில் புயல் சின்னம். அதுவரை ஒத்திகைக்காகத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கடலை வரைந்தார்கள். இங்கே அலை, இங்கே கரை, இந்த வட்டம் சிப்பி. பாடகர்கள் சிப்பிக்குள்ளிருந்து வெளிப்பட்டு, அலையை மிதிக்காமல் கரையோரமாக நடந்து, மைக் இருக்கப்போகும் இடத்தில் நின்று, வாயைத் திறந்து, பாடாமல், மூடிக்கொண்டு இறங்கவேண்டும். பாடினால் நேரமாகும்.

ஜெயமணி மூன்று முறை கடலை மிதித்தாள்.

"நீங்க இப்ப கடல்ல நிக்கிறீங்கம்மா!" நந்தகுமார் கத்தினார்.

"நான் கடல்ல ஒன்றரை நாளு வந்தவ சார். இது கடலில்ல, சுண்ணாம்பு."

"இந்த மாதிரி ஆட்டிட்யூட் இருந்தா மேடை உங்கள ஏத்துக்காது."

அவளுக்கு மைனஸ் நான்கு. அன்று சாயங்காலம் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. "நாலு நாளாச்சுடி வசந்தா, இன்னும் ஒருத்தனும் என் வாயிலருந்து ஒரு சத்தம் கேக்கல. கொட்டாவிதான் கேட்டிருக்கானுங்க." பிறகு நாட்காட்டியைக் கிழிக்கும் சத்தம்.

மேடை வராவிட்டால் போட்டி தள்ளிப்போகும், போட்டி தள்ளிப்போனால் அவளுடைய கப்பல் போய்விடும். ஆகவே ஆறாம் நாள் அவளே எழுந்து ஒரு யோசனை சொன்னாள். சிப்பிகாட் என்ற ஊரில் விவசாயப் பண்ணை இருக்கிறது, அங்கே தென்னை இருக்கிறது, நாலு மட்டையை வெட்டி வந்து கட்டிவிட்டால் போட்டியை நடத்திவிடலாமே. நியாயமான யோசனை. பேரவை உடனே ஒரு குழு அமைத்தது. குழு மூன்று வண்டியில் சிப்பிகாட் போனது. மூன்றாவது வண்டியில் ஒரு இடம் காலியாக இருந்ததால் நான் ஏறிக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, பார்த்தவர்களும் நான் குழுவில் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள்.

பண்ணையில் பெரியதம்பி என்ற தொழிலாளி மரத்தைக் காட்டினார். நந்தகுமார் சென்னைத் தென்னையின் வரைபடத்தை விரித்து, மட்டையை அளந்தார், ஓலைகளை எண்ணினார், ஒரு பக்கத்தில் இரண்டு ஓலை குறைவதைக் கண்டுபிடித்தார்.

"மரம் சாஞ்சு இருக்கே?" என்றார் ஆவுடையப்பன்.

"கடக்காத்து சார். தென்ன சாஞ்சுதான் வளரும்," என்றார் பெரியதம்பி.

"அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் சாய்வு இல்லையே."

"ஆனா காய்க்குதே சார்?"

"காய் ஆபத்து. பாடகர் தலையில் விழும்."

குழு ஆளுக்கு இரண்டு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பியது. மறுநாள் அறிக்கை வந்தது: சிப்பிகாட் தென்னைகள் தரத்துக்கு ஓரளவு அருகில் இருக்கின்றன, தக்க வழிகாட்டுதல் கிடைத்தால் வருங்காலத்தில் எட்டக்கூடும். பண்ணைக்கும் ஒரு நகல் போனது. மரங்களுக்குப் படித்துக் காட்டினார்களா என்று தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் கடல் வந்தது. இரண்டு லாரி. பத்தாம் நாள் முழுக்க மேடை கட்டினார்கள். குறை சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது. நீலப் பட்டு மேடை முழுக்க விரிந்து கிடந்தது. ஆறு மரமும் கம்பு நட்டது போல நேராக நின்றன, ஒவ்வொன்றுக்கும் அடியில் எண். முத்திரை வைத்து, தேங்காய் உடைத்து, மோட்டாரைப் போட்டார்கள்.

அலை அடித்தது. கூடவே ஒரு சத்தம். மாவு மில்லுக்குள் தலையைக் கொடுத்தது போல, கர்ர்ர் என்று, விடாமல், ஒரே இழுப்பு.

ஒலிப்பதிவு செய்யும் பிரவீன்குமார் எங்கள் தெருப் பையன். காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஓடிவந்தான்.

"சார், இந்த மோட்டார் ஓடுனா பாட்டு ஒண்ணும் கேக்காது சார். பில்குல் கேக்காது. மோட்டார பந்த் பண்ணுங்க, இல்ல பின்னாடி தூரமா வைங்க."

"மோட்டார் நின்றால் அலை நின்றுவிடும்," என்றார் ஆவுடையப்பன். "அலை நிற்கும் கடலை நீ பார்த்திருக்கிறாயா?"

"பாட்டு கேக்காத பாட்டுப் போட்டி பாத்திருக்கீங்களா சார்?"

"தம்பி, உணர்ச்சிவசப்படாதே. இந்த மோட்டார் டெண்டர் மூலம் வந்தது. இவர்களுடைய சுருதி டெண்டர் மூலம் வந்ததா? இல்லை. அப்படியானால் இரண்டில் எது மாறவேண்டும் என்பதில் ஐயமே இல்லை."

ஆக, மோட்டாரின் சுருதி என்னவென்று பிரவீன்குமார் தலையிலடித்துக்கொண்டு கண்டுபிடித்துச் சொல்ல, பன்னிரண்டு பேரும் அதில்தான் பாடவேண்டும் என்று ஆணை வந்தது. போட்டி தொடங்கிப் பத்து நாள் கழித்து, முதல் முறையாக, எல்லோரையும் வாய்விட்டுப் பாடச் சொன்னார்கள்.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கர்நாடக சங்கீதம் பயின்ற ஒரு அம்மாள் பாதியில் அழுதுகொண்டு இறங்கிவிட்டார். கௌதம் என்ற கல்லூரி மாணவன் உச்சத்துக்குப் போகப் பார்த்து, இருமி, நின்றுவிட்டான். மோட்டார் எல்லோரையும் சமமாக விழுங்கியது.

ஜெயமணி பதினோராவது. மைக் முன்னால் நின்று ஒரு நிமிடம் மோட்டாரைக் கேட்டாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பத்து நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

"என்னக்கா இது," என்று கீழே இருந்த என்னைப் பார்த்துச் சொன்னாள், "நம்ம தோட்டத்து ஷீட் மிஷின் மாதிரியே இருக்கு."

ரப்பர் பாலை உறையவைத்து உருளையில் கொடுத்துத் தகடாக்கும் மிஷின். அவள் பதினாறு வருடமாகப் பாடுவது அதன் பக்கத்தில் நின்றுதான். மிஷினை மீறிக் கத்துவதில்லை. அது இழுக்கிற இழுப்பைத் தம்பூரா மாதிரி வைத்துக்கொண்டு அதன்மேல் ஏறி உட்கார்ந்து பாடுவாள். பாட்டும் அவளுடையதே.

*உருள சுத்துது உருள சுத்துது, ஊரு சுத்தலையே,*
*பாலு ஒறையுது பாலு ஒறையுது, பேரு பதியலையே...*

மோட்டார் அவளுக்குக் கீழே போய்விட்டது. ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சர்கள் சுத்தியலை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீ கொண்டுவந்தவர் தட்டோடு உட்கார்ந்துவிட்டார். நான் எதற்கும் லேசில் அசைகிறவள் இல்லை. பக்கத்தில் இருந்தவர் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று கவனிப்பதைக்கூட அந்த மூன்று நிமிடம் மறந்துவிட்டேன்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல். நந்தகுமார் மட்டும் வெளிறிப்போய் நின்றார். ஆவுடையப்பனின் காதில் ஏதோ சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தது. அங்கே ஒரு நாற்காலியும் இருந்தது.

"சார், மூணு நிமிஷம் ஒருத்தர்கூட மேடைய பாக்கல. நான் நின்னு கவனிச்சேன். அலைய பாக்கல. சிப்பிய பாக்கல. அந்த அம்மாவையே பாத்தாங்க. ஃபைனல்ல இப்படி நடந்தா இவ்வளவு தூரம் கப்பல்ல கொண்டாந்த மேடை எதுக்கு சார்?"

"பொறுப்பில்லாத குரல்," என்றார் ஆவுடையப்பன். "தகுதிநீக்கம் செய்துவிடலாமா?"

"வேணாம் சார். பன்னெண்டு பேருக்கு லைட்டிங் போட்டாச்சு. பதினொண்ணாச்சுன்னா பேலன்ஸ் போயிடும்."

இப்படியாக ஜெயமணியை ஒளியமைப்பு காப்பாற்றியது. அவளை உள்ளே கூப்பிட்டார்கள். துணைக்கு நானும் போனேன். அவள் மேடையின் வலப்பக்கம், மூன்றாம் எண் தென்னைக்குப் பின்னால் நின்று பாடவேண்டும் என்று ஆவுடையப்பன் விளக்கினார்.

"ஒலி வளையும், அம்மா. ஒளி வளையாது. இது அறிவியல். மரத்துக்குப் பின்னால் நின்றாலும் உங்கள் பாட்டு வளைந்து மக்களிடம் வந்துவிடும். ஆனால் நீங்கள் முன்னால் நின்றால் மேடை உங்களைச் சுற்றி வளைந்து வரமுடியாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன் சார், மரத்த தள்ளி வெச்சா ஆகாதா?" என்று கேட்டேன். குழுவில் நான் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார்கள்.

ஜெயமணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "விடுங்கக்கா. மரத்துக்குப் பின்னாடி நிக்கிறது எனக்கென்ன புதுசா? தெனமும் அதானே செய்றேன்." பிறகு ஆவுடையப்பனிடம் திரும்பினாள். "ஐயா, நான் எங்க வேணா நிக்கிறேன். ஃபஸ்ட் பிரைஸ் எனக்கு வேணாம். சர்ட்டிபிகேட்ல 'பாடினார்'னு ஒரு வார்த்த மட்டும் வேணும். அதுக்குத்தான் வந்தேன்."

"பேரவை யாரையும் கைவிட்டதில்லை, அம்மா."

அவர் சொன்னதை நானும் நம்பினேன். என்னைத் திட்டிக்கொள்வதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு இறுதிப் போட்டி. மேடையின் வரலாறு பற்றி ஒரு படம் நாற்பது நிமிடம். மேடைக்கு வாழ்த்துரை ஆறு பேர், ஆளுக்கு முக்கால் மணி நேரம். பிறகு, நேரம் கொஞ்சம் மிஞ்சியதால், பாட்டு, ஆளுக்கு நாற்பது விநாடி. கௌதம் சிப்பியிலிருந்து வெளியே வந்தவன் கால் வழுக்கி நீலப் பட்டில் விழுந்து, சுருண்டு, எழுந்திருக்கத் தெரியாமல் அலையோடு அலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். பாட்டே பாடவில்லை. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜெயமணியின் முறை வந்தபோது மூன்றாம் எண் தென்னைக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது. கூட்டம் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்தது. கேமரா மரத்தின் உச்சியிலிருந்து அடிவரை மெதுவாக இறங்கியது. நாற்பது விநாடி முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டார்கள், 'பதியலையே' பாதியில் நின்றது.

முதல் பரிசு மேடைக்கு. அதன் சார்பில் நந்தகுமார் மேலே ஏறிக் கண்கலங்கி வாங்கிக்கொண்டார். இரண்டாம் பரிசு விளக்குகளுக்கு. மூன்றாம் பரிசு, மனிதருக்கும் இடமுண்டு என்று காட்டுவதற்காக, மேடையோடு முழுமையாக ஒன்றிப்போன கௌதமுக்கு. பையன் நல்லவன். வாங்கிக்கொண்டு இறங்கிவந்து, "ஆன்ட்டி, சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியல," என்று ஜெயமணியிடம் சொன்னான்.

சான்றிதழ்கள் தபாலில் வரும் என்றார்கள். மணி நாலே கால். பிரவீன்குமாரின் ஸ்கூட்டியில் ஜெயமணியும் அவளுடைய பையும் பீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டிக்குப் பறந்தார்கள். ஏணியை எடுப்பதற்குமுன் ஏறிவிட்டாளாம். பதினாறு வருடம் பிழைத்தது.

மூன்று வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. வசந்தகுமாரி வேலைக்குப் போயிருந்ததால் தபால்காரர் என்னிடம் கொடுத்தார். உறை சரியாக ஒட்டியிருக்கவில்லை. பொன்னிற எழுத்து, ஓரமெல்லாம் அலை. 'ஜெயமணி என்பவர் தீவுக்கொரு குரல் நிகழ்ச்சியின்போது மேடையில் இருந்தார் எனச் சான்றளிக்கப்படுகிறது.'

இருந்தாராம்.

செல்போனில் படமெடுத்து ஜெயமணிக்கு அனுப்பினோம். தோட்டத்து ஆபீஸ் அதை ஒத்துக்கொள்ளவில்லை. 'பாடினார்' என்று இருக்கவேண்டும், பதினைந்து நாளுக்குள். வசந்தகுமாரி அரைநாள் லீவு போட்டாள். நாங்கள் இருவரும் மரைன் ஹில் ஏறினோம். ஜன்னல்களில் கறுப்புத் துணி இன்னும் அப்படியே இருந்தது. அடுத்த வருடப் போட்டிக்கும் அதே கடல்தானாம்.

"எங்கக்கா பாடுனத நீங்களே கேட்டீங்களே சார்," என்றாள் வசந்தகுமாரி.

"கேட்டேன், அம்மா. மறுக்கவில்லை. ஆனால் பேரவை கண்ணால் கண்டதைத்தான் சான்றளிக்கும். காதால் கேட்டதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு ஊரில் இருக்கிறவர்கள் எல்லாரும் பாடினேன் பாடினேன் என்று வந்து நிற்பார்கள்."

"நீங்கதான சார் மரத்துக்குப் பின்னாடி நிக்கச் சொன்னீங்க?" என்றேன் நான்.

"நிற்கச் சொன்னோம். நின்றார். அதைச் சான்றிதழில் குறிப்பிட்டிருக்கிறோமே." அவர் எங்கள் முகத்தைப் பார்த்து இரங்கினார். "சரி. பேரவை இரக்கமற்றதல்ல. காட்சிப் பதிவை ஆய்வு செய்து, யார் பாடினார் என்று திட்டவட்டமாக முடிவு செய்கிறோம்."

குழு அமைத்தார்கள். குழு நான்கு அமர்வு கூடியது. பதினான்காம் நாள் முடிவு வந்தது, ஒரு நகல் ஃபேக்ஸில் தோட்டத்து ஆபீஸுக்கு, ஒரு நகல் ஷாதிபூருக்கு. இந்த உறையும் சரியாக ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் இதை நான் வசந்தகுமாரி வந்தபிறகு, அவள் முன்னிலையில்தான் உரக்கப் படித்தேன். தனியாகப் படித்தபோது நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

'காட்சிப் பதிவை ஆய்ந்ததில், குறிப்பிட்ட நேரத்தில் பாட்டு ஒன்று ஒலித்தது உண்மையே எனத் தெரிகிறது. அப்பாட்டு மேடையின் வலப்புறமுள்ள தென்னை மரம் எண் மூன்றிலிருந்து வந்ததும் ஐயத்துக்கிடமின்றி உறுதியாகிறது. அந்நேரத்தில் மேற்படி மரத்தைத் தவிர எவரும் திரையில் காணப்படவில்லை. எனவே, பாடினார் என்னும் சான்றிதழ் மேற்படி மரத்துக்கு வழங்கப்படுகிறது. மரம் நேரில் வர இயலாத காரணத்தால் அதன் சார்பில் தலைவர் பெற்றுக்கொண்டார்.'

தோட்டத்து ஆபீஸும் சும்மா இருக்கவில்லை. மறுநாளே ஜெயமணியைக் கூப்பிட்டுத் தங்கள் முடிவைப் படித்துக் காட்டியது. கலைத் தகுதிக்கான ஐந்து மதிப்பெண் பாடியவருக்கே உரியது. பாடியவர் யார் என்பதில் பேரவை தெளிவாக இருக்கிறது. ஆகவே மேற்படி மரம் உரிய சான்றுகளோடு நேரில் வந்து விண்ணப்பிக்கும்வரை நிரந்தரப் பணியிடம் யாருக்கும் தரப்படாமல் நிறுத்திவைக்கப்படும்.

அன்று சாயங்காலம் அவள் தங்கைக்குப் போன் செய்தாள். வசந்தகுமாரி ஸ்பீக்கரில் போட்டாள். போடாவிட்டாலும் எனக்குக் கேட்டிருக்கும், ஆனால் அன்றைக்கு நான் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஜெயமணி விஷயத்தைச் சொல்லி முடித்தாள். வசந்தகுமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வைஜெயந்தி அக்கா இருக்காங்களா அங்க?"

"இருக்கேன் ஜெயமணி. சொல்லும்மா."

"அந்த ஐயாவ பாத்தா ஒண்ணு சொல்லிருங்கக்கா. மரத்துக்கு வேல கெடைச்சதுல எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. அடுத்த கப்பல்லயே ஏத்தி அனுப்பிவிடச் சொல்லுங்க. இங்க விடியக்காலம் நாலு மணிக்கு முந்நூறு மரம் பால் வெட்டணும். கத்திய நான் தீட்டி வெக்கிறேன்."